மனிதவளப் பிரிவில் ஒப்பந்த உழைப்பு



ஒப்பந்தத் தொழிலாளரின் கோரிக்கைகள் தொழிற்சங்க இயக்கத்திற்குப் புதியவை அல்ல. சுமை ஏற்றுவோர், துப்புரவுப் பணியாளர், காவலர், உணவகப் பணியாளர் ஆகியோருக்காக இயக்கம் நெடுங்காலமாகப் போராடி வருகிறது. ஆனால் அவர்களை நேர்காணலுக்கு அழைப்பவர், வருகையைப் பதிபவர், சம்பளப் பட்டியல் தயாரிப்பவர், இறுதியில் பணிநீக்கக் கடிதத்தைக் கையளிப்பவர் யார்? குருகிராம், நொய்டா, பெங்களூரு, புனே போன்ற நகரங்களின் பல நிறுவனங்களில் அந்த மனிதவள ஊழியரும் ஒப்பந்தப் பணியாளராகவே இருக்கிறார். அவரை நிர்வாகத்தின் ஆளாக மட்டும் கருதி ஒதுக்கிவிடலாமா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இத்துறையின் பிறப்பிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். காலனியாட்சிக் காலத்தில் பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் ஜாபர், கல்கத்தாச் சணல் ஆலைகளில் சர்தார், தென்னிந்தியத் தோட்டங்களில் கங்காணி எனப் பெயர்கள் வேறுபட்டன, பணி ஒன்றே. ஆள் சேர்ப்பதும், வேலை வாங்குவதும், வெளியேற்றுவதும் அந்த இடைத்தரகரின் கையில் இருந்தன. ஆலைகளில் வேலை பெறவும், பெற்ற வேலையைக் காத்துக்கொள்ளவும் தொழிலாளர் அவருக்குத் தஸ்தூரி செலுத்த வேண்டியிருந்தது.

1929இல் பிரிட்டிஷ் அரசு விட்லி ஆணையத்தை அமைத்தது. அதைப் புறக்கணிக்கும் பிரச்சினையை ஒட்டி அதே ஆண்டு நாகபுரி மாநாட்டில் ஏஐடியுசி பிளவுண்ட வரலாற்றைத் தோழர்கள் அறிவர். 1931இல் வெளிவந்த ஆணையத்தின் அறிக்கை, ஆள் சேர்க்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து அகற்றித் தொழிலாளர் அதிகாரியிடம் ஒப்படைக்குமாறு பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பின், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஆலைகளில் நல அதிகாரியைக் கட்டாயமாக்கியது. தொழிலாளர் அதிகாரி, நல அதிகாரி, பணியாளர் மேலாளர் என வளர்ந்த அப்பதவியின் இன்றைய பெயரே மனிதவளம். முதலாளிகள் இதைத் தொழிலாளரின் நலன் கருதி மட்டும் ஏற்கவில்லை. சங்கத்தைக் கண்காணிக்கவும் விலக்கி வைக்கவும் இது அவர்களுக்கு உதவியது. எனினும், இடைத்தரகரை அகற்றுவதே இதன் பிறப்புக் காரணங்களுள் முதன்மையானது.

அந்த அலுவலகமே இன்று இடைத்தரகர் வழியாக நிரப்பப்படுகிறது. ஆள் வழங்கும் நிறுவனம் ஒன்று ஊழியரைத் தன் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொண்டு மற்றொரு நிறுவனத்திற்கு அனுப்புகிறது. ஊழியர் அங்கே அமர்கிறார். அங்குள்ள மேலாளரின் கட்டளைப்படி வேலை செய்கிறார். விடுப்பையும் அவரிடமே கேட்கிறார். ஆனால் பணி நியமனக் கடிதத்தில் இருப்பது வேறொரு நிறுவனத்தின் பெயர். ஒப்பந்தம் 6 மாதத்திற்கோ 11 மாதத்திற்கோ எழுதப்படுகிறது. சிலர் ‘ஆலோசகர்’ எனப் பெயரிடப்படுகின்றனர். அவர்களுக்குத் தரப்படுவது ஊதியம் அன்று, ‘கட்டணம்’ எனக் கணக்கில் எழுதப்படுகிறது. வருமான வரி பிடிக்கப்படுகிறது. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் மறுக்கப்படுகின்றன. நூற்றுக்கணக்கானோரின் வைப்பு நிதிக் கணக்கைப் பிழையின்றிப் பதிவேற்றும் ஊழியருக்குத் தமக்கென ஒரு வைப்பு நிதிக் கணக்கு இல்லாத நிலை இவ்வாறுதான் உருவாகிறது.

அரசும் இதற்கு விலக்கன்று. 2016இல் தொடங்கப்பட்ட அரசு மின்சந்தையில், நாற்காலியும் கணினியும் கொள்முதல் செய்யப்படும் அதே தளத்தில், ஆள் வழங்கும் சேவையும் ஏலத்தில் எடுக்கப்படுகிறது.

இவ்வூழியர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளரா? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் எழுத்துப் பணி செய்வோரையும் தொழிலாளராகவே வரையறுத்தது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவரை விலக்கியது. மேற்பார்வையாளருக்கு ஊதிய வரம்பு வைத்தது. பதவியின் பெயரைப் பாராமல், ஒருவர் முதன்மையாகச் செய்யும் பணியின் தன்மையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நிலைநாட்டிய நெறி. இன்றைய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இவ்வேறுபாட்டைத் தொடர்கிறது. மேற்பார்வையாளருக்கான வரம்பு 18,000 ரூபாய். ஆகவே ‘நிர்வாகி’ என்னும் பட்டத்தை அட்டையில் அச்சிட்டுக் கொடுப்பதாலேயே வருகைப் பதிவேட்டை நிரப்புபவர் நிர்வாகி ஆகிவிடமாட்டார். யாரையும் நியமிக்கவோ நீக்கவோ சுயமாக முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. எடுக்கப்பட்ட முடிவைத் தட்டச்சு செய்வதும் தெரிவிப்பதுமே அவர் பணி.

ஒப்பந்த முறையைக் கட்டுப்படுத்த 1970இல் இயற்றப்பட்ட சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்குப் பொருந்தியது. ஒப்பந்ததாரர் ஊதியம் தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்றது. நிரந்தரத் தன்மையுள்ள பணிகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்யும் அதிகாரத்தையும் அரசுக்கு அளித்தது. அவ்வாறு தடை செய்யப்பட்டால் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாவர் என 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2001இல் இந்திய எஃகு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. ஆயினும் ஒப்பந்தம் வெறும் போலி என மெய்ப்பிக்கப்பட்டால், தொழிலாளர் முதன்மை வேலையளிப்பவரின் நேரடி ஊழியரே என்பதை அத்தீர்ப்பும் ஏற்றது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு சட்டத் தொகுப்புகள் இந்தக் குறுகிய பாதையை மேலும் குறுக்குகின்றன. வரம்பு 20இலிருந்து 50ஆக உயர்ந்துள்ளது. நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்த முறை கூடாது என எழுதப்பட்டாலும், துணைச் சேவைகள் பல மையப் பணி அல்ல என ஒதுக்கப்பட்டுள்ளன. மையப் பணிக்கும் விலக்குகள் உள்ளன. மேலும், ஒப்பந்ததாரரிடமே முறையாகப் பணியமர்ந்து, காலமுறை ஊதிய உயர்வும் சமூகப் பாதுகாப்பும் பெறுபவர் ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்னும் வரையறைக்கே வெளியே வைக்கப்படுகிறார். ஆள் வழங்கும் பெருநிறுவனங்களுக்கு இது உகந்த ஏற்பாடு.

இங்கே ஒரு மறுப்பு எழும். சங்கம் அமைத்தவரின் பெயரைக் குறித்துக் கொடுப்பதும், நீக்கல் கடிதத்தை நீட்டுவதும் இதே கைகள் அல்லவா எனத் தோழர்கள் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. 2012 ஜூலை 18 அன்று மானேசர் மாருதி ஆலையில் நிகழ்ந்த மோதலில் மனிதவளப் பொது மேலாளர் உயிரிழந்தார். 148 தொழிலாளர் மீது வழக்கு நடந்தது. 2017இல் 117 பேர் விடுவிக்கப்பட்டனர். 31 பேர் குற்றவாளிகளென அறிவிக்கப்பட்டு, அவர்களுள் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மூலதனத்திற்கும் உழைப்புக்கும் இடையிலான முரண்பாடு, முடிவெடுக்கும் முதலாளி கண்ணுக்குத் தெரியாத நிலையில், மனிதவள அலுவலகத்தின் வாயிலில் வெடிக்கிறது. அந்த வாயிலில் அமர்த்தப்பட்டுள்ள ஒப்பந்த ஊழியரை மூலதனத்தின் உருவமாகக் கொள்வது வர்க்க ஆய்வு ஆகாது. முடிவெடுக்கும் மேலாளர் வேறு. முடிவைச் சுமந்து செல்லும் ஊழியர் வேறு. நாளை இவருடைய கடிதத்தையும் இன்னொரு ஒப்பந்த ஊழியரே தட்டச்சு செய்வார்.

இதிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, இவ்வூழியரைச் சங்கத்தில் சேர்ப்பது. தொழிலில் பணிபுரியும் எவரும் தொழிற்சங்க உறுப்பினராகலாம் என்னும் விரிந்த வரையறை 1926ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. புதிய தொகுப்பின் தொழிற்சங்க அத்தியாயத்திலும் உள்ளது. கர்நாடகத்தில் 2017 முதல் இயங்கும் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம், அலுவலக ஊழியரைத் திரட்ட முடியும் எனக் காட்டியுள்ளது.

இரண்டாவது, கையில் உள்ள உரிமைகளை அவர்களிடம் கொண்டு சேர்ப்பது. ஒப்பந்தக் காலம் முடிவடைந்தாலும், தகுதி பெற்ற பெண் ஊழியருக்கு 26 வார மகப்பேற்றுப் பலன் உண்டு என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்கள் பெருமளவில் பணிபுரியும் இத்துறையில் இத்தீர்ப்பை அறிந்தோர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு பகுதிக் குழுவும் விசாரித்தறிய வேண்டும்.

மூன்றாவது, ஆலைத் தொழிலாளரின் வழக்கோடு இவர்களை இணைப்பது. ஒப்பந்தம் போலியா என்பதை ஆராயும்போது தீர்ப்பாயம் கேட்பவை: தேர்ந்தெடுத்தவர் யார், கட்டளையிட்டவர் யார், விடுப்பு வழங்கியவர் யார், ஒழுங்கு நடவடிக்கை எடுத்தவர் யார்? இக்கேள்விகளுக்கு நேரடி விடை அறிந்தவர்கள் மனிதவள ஊழியர்கள். அவர்கள் சங்கத்தின் பாதுகாப்புடன் சாட்சிக் கூண்டில் ஏறி உண்மையைக் கூறினால், துப்புரவுப் பணியாளரின் வழக்கும் காவலரின் வழக்கும் வலுப்பெறும். அவர்களுடைய சொந்த வழக்கும் வலுப்பெறும்.

தொழிற்பேட்டைகளில் பணிபுரியும் தோழர்கள் அடுத்த முறை மனித வளப் பிரிவுக்குக் கோரிக்கை மனுவுடன் செல்லும்போது, மனுவைப் பெற்றுக்கொள்பவரிடம் அவருடைய நியமனக் கடிதம் எந்த நிறுவனத்தின் பெயரில் உள்ளது என்பதையும் கேட்டறிய வேண்டும். அவரை அமைப்பாக்கும் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.