காலிப் பேருந்துக்கும் கூலி உண்டு

டிக்கெட் காசை மட்டும் நம்பிப் பேருந்து விட்டால், கூட்டமுள்ள சாலையில் நான்கு பேருந்துகள் முட்டிக்கொள்ளும். ஒதுக்குப்புறத் தாமானுக்கு ஒன்றும் வராது.

இதற்கு ஒரு வழி: தடத்தையும் நேரத்தையும் அரசு வகுக்கும், ஓட்டும் வேலையை ஒப்பந்தத்தில் விடும். ஜொகூர் பாருவின் 'பாஸ்.மை' பேருந்துகள் அப்படிப்பட்டவையே. ஓட்டுவது காஸ்வே லிங்க் என்ற தனியார் நிறுவனம். கைகொடுப்பது மலேசிய மத்திய அரசின் நிதி. மாநில அரசும் 2016-இல் 'பாஸ் முவாபாக்காட் ஜொகூர்' என்ற கட்டணமில்லாச் சேவையைத் தொடங்கியது.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரும் அதே 2016-இல் ஒப்பந்த முறைக்கு மாறியது. அங்கே பேருந்துகளும் டிக்கெட் வருமானமும் அரசுக்கு. நிறுவனத்துக்கு ஒப்பந்தத் தொகை. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கூலி உண்டு. நேரம் தவறினால் அபராதம், ஒழுங்காக ஓடினால் ஊக்கத்தொகை.

ஆகவே, பேருந்து தாமதமானால் ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. தட எண்ணையும் நேரத்தையும் குறித்து, ஒப்பந்தம் கொடுத்தவர்களிடம் புகார் செய்யுங்கள். கணக்குக் கேட்கும் உரிமை அவர்கள் கையில்தான் இருக்கிறது!