குழந்தை வளர்ச்சிக் கல்வியும் நம் பெண்மக்களும்

 

வெள்ளிவிழா மேடையில் பாராட்டிப் பேசுவதே மரபு. எனினும், நம் பெண்மக்கள் சிலர் சமுதாயக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பட்டயப் படிப்பிற் சேர விரும்பியபோது நம்முள்ளேயே எழுந்த கேள்வியொன்றைப் பற்றிப் பேச விழைகின்றோம். "பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தது ஆயா வேலைக்கா?" என்பதே அக்கேள்வி. ஊரார் வீடுகளில் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டுப் புறவாசல் வழியே திரும்பிய நம் பாட்டிமாரை எண்ணுங்கால், அக்கேள்வியின் கசப்பு நமக்கு விளங்காததன்று.

ஆயினும் நாம் கண்டதைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகட்கு முன் நம் பள்ளியின் முதல் வகுப்பில் நம் தெருச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். அழைத்தால் திரும்பமாட்டான், கேட்டால் விடை கூறான். வகுப்பாசிரியை 'மந்தம்' என்றார். நாமும் அவ்வாறே பதிவேட்டிற் குறித்துக் கையொப்பமிட்டோம். பி.ஏ., பி.எட். பயின்ற நமக்கு உளவியல் தெரியாமலில்லை. ஆனால், நாம் கற்றது பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி மாணவனைப் பற்றியது; ஐந்து வயதுப் பிள்ளை அதில் இரண்டொரு பக்கமே. செய்முறைப் பயிற்சிக்கு வந்திருந்த சமுதாயக் கல்லூரி மாணவி ஒருத்தி, மூன்று நாள் அவனருகே அமர்ந்து ஏதோ எழுதிக்கொண்டேயிருந்தாள். நான்காம் நாள், "ஐயா, என் முகத்தைப் பார்க்கும்போதுதான் இவனுக்குப் பேச்சுப் புரிகிறது. காதில் சீழ் வடிகிறது" என்றாள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபின் அவன் பேச்சை நிறுத்துவதே பெரும்பாடாயிற்று! பதிவேட்டில் எழுதியதை நாமே அடித்துத் திருத்தினோம். அந்த மாணவியும் நம் தெருப்பெண்ணே.

அவள் கற்றது இதுவே: பிள்ளைக்கு எத்திங்களில் தலை நிற்கும், எப்போது தவழும், எப்போது சொல் கூட்டிப் பேசும் என்பது, எடையை வளர்ச்சி அட்டையிற் புள்ளியிட்டுக் கோடு சரிவதைக் கண்டறிவது, எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளையைப் பொறுமையாக உற்றுநோக்கிக் குறிப்பெழுதுவது. ஒரே அளவு நீரை உயரமான குவளையில் ஊற்றினால் அதுவே அதிகம் என்று நான்கு வயதுப் பிள்ளை சொல்லும். அது மடமையன்று, அவ்வயதின் சிந்தனை முறை என்று காட்டினார் சுவிட்சர்லாந்து அறிஞர் பியாழே.

1965இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தின்கீழ்க் கறுப்பின மக்கள் தம் குழந்தைகளுக்கான மையங்களைத் தாமே நடத்தினர். அரசுப் பணத்திற்குப் பொறுப்பேற்றது மேரி ஹோம்ஸ் என்னும் கறுப்பினத்தாரின் ஈராண்டுக் கல்லூரி. பருத்திக் காட்டிலும் வெள்ளையர் சமையலறையிலும் உழைத்த தாய்மார் அங்கே ஆசிரியைகளாயினர். அம்மாநிலச் செனட்டர் ஸ்டென்னிஸ் அந்நிதியைத் தடுக்க முனைந்து நின்றார். வெறும் ஆயா வேலையெனில் அவர் ஏன் அத்துணைப் பாடுபட வேண்டும்?

நம் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. அதன் அங்கன்வாடியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர வேண்டும். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில், பள்ளிச் சத்துணவு சமைக்கச் சென்ற நம் சகோதரியைச் சாதி கூறித் தடுத்ததை நாம் மறக்கவில்லை. அங்கன்வாடிக்குச் செல்லும் நம் பெண்ணையும் அத்தகைய சொற்கள் எதிர்கொள்ளலாம். ஆனால், கையில் அட்டையும் குறிப்பேடும் ஏந்தி, "உங்கள் பிள்ளைக்கு எடை குறைந்திருக்கிறது" என்று அவள் கூறும்போது எந்தத் தாயும் நின்று கேட்கத்தான் செய்வாள்.

பட்டயம் பெற்றவுடன் அரசுப் பணி கிடைத்துவிடும் என்று நாம் பொய்யுரையோம். ஊதியமும் பெரிதன்று. மேற்கொண்டு படிக்க விரும்புவோர், இப்பட்டயம் எப்பட்டப்படிப்பிற்கு ஏற்கப்படும் என்பதைச் சேருமுன்னரே எழுத்து வடிவிற் கேட்டுப் பெறுதல் நலம்.

விண்ணப்பத் தாள்கள் சங்கச் செயலாளரிடம் உள்ளன. தாய்மார் தம் மகளுடன் தாமே வருதல் வேண்டும். தனியே வரும் பெண்கள், "வீட்டிற் கேட்டு வருகிறேன்" என்று தாளை வாங்கிச் செல்கின்றனர். சென்ற ஆண்டு அவ்வாறு சென்றவருள் இருவரே திரும்பி வந்தனர்.