பட்டாசுக்குப் பதில் ரொட்டி

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)

 

துபாயில் வேலை பார்க்கும் என் மகன் இந்த முறை லீவுக்குத் திருத்தங்கல் வரவில்லை. "நீங்களும் அம்மாவும் கிளம்பி வாங்கப்பா, ஜெர்மனி போவோம்" என்று டிக்கெட் போட்டுவிட்டான். ஸ்டுட்கார்ட் நகரில் அவனுடைய நண்பரின் அடுக்குமாடி வீட்டில் பத்து நாள் தங்கினோம். ஊர் அழகையெல்லாம் என் செல்போன் படங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் குடியிருப்புக்குத் தேவையான மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஞாயிற்றுக்கிழமை. ரயில் நிலையம், ரொட்டிக்கடை மாதிரி சில இடங்கள் தவிர எல்லாக் கடையும் அடைப்பு. ஞாயிறு ஓய்வுநாள் என்பது அந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டில் கால் ஆடுகிறதே என்று நான் சுத்தியலை எடுத்தேன். நண்பர் ஓடி வந்து, "இன்னைக்கு வேண்டாம்ப்பா, கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கும்" என்று வாங்கி வைத்துவிட்டார்.

இரண்டாவது, பெருக்கும் முறை. அந்த வட்டாரத்தில் இதை 'கேர்வோகெ' என்கிறார்கள். ஒரு சின்ன அட்டை எந்த வீட்டுக் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படியும் வாசலும் அந்த வீட்டின் பொறுப்பு. வாரம் முடிந்ததும் அட்டை அடுத்த கதவுக்குப் போகும். நாங்கள் போனபோது நண்பரின் முறை. பெரிய கம்பெனி என்ஜினியர், சனிக்கிழமை துடைப்பமும் கையுமாக நின்றார். "குடுங்க தம்பி, நான் பெருக்குறேன்" என்றாள் என் மனைவி. "வேண்டாம்மா, எதிர்வீட்டுப் பாட்டி பார்த்தா என்னைத்தான் கேட்பாங்க" என்று சிரித்தார்.

மூன்றாவது, நம்ம ஊர்ச் சரக்கான பட்டாசு. அங்கே வெடிகள் ஆண்டின் கடைசி மூன்று நாள்தான் விற்பனை. நடுவில் ஞாயிறு வந்தால் ஒரு நாள் முன்னதாகத் தொடங்கும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், தேவாலயம் பக்கத்தில் வெடிக்கக் கூடாது. கொரோனாக் காலத்தில், காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைக் குறைக்க, 2020, 2021 இரண்டு வருஷமும் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நம் ஊர்க்காரன் கை சும்மா இருக்குமா? 'தயாரிப்பு: சீனா' என்று இருந்தது.

வழியில் ஒரு தேவாலய வாசலில் சுவரொட்டி. மகன் படித்துச் சொன்னான்: "பட்டாசுக்குப் பதில் ரொட்டி." வெடி வாங்கும் காசை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்கிறார்களாம். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நமக்குப் பட்டாசுதானே ரொட்டி! அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து, மழை கொடுக்காத சோற்றை இந்தக் கரிசல் பூமிக்கு மருந்துதான் கொடுத்து வருகிறது.

31ஆம் தேதி நடுராத்திரி, தீபாவளி தோற்றது போங்கள். வானமே பிளந்தது. மறுநாள் காலை வாசலெல்லாம் காகிதக் குப்பை. நண்பர் துடைப்பத்தோடு இறங்கினார். கூடவே, ராத்திரி வெடித்த மற்ற வீட்டுக்காரர்களும் இறங்கி அள்ளினார்கள்.

எனக்கு நம் தீபாவளி ஞாபகம் வந்தது. கார் நிறுத்துமிடத்தில் வெடித்தோம். ராத்திரி பதினொரு மணி வரை வெடித்தோம். மறுநாள் குனிந்து குனிந்து பெருக்கிய அம்மாவிடம், "குப்பை ரொம்ப அதிகமோ?" என்று கேட்டேன். முன்பு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர் அவர். "செஞ்சதும் நாங்கதான், பெருக்குறதும் நாங்கதான் சார்" என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் உறுத்துகிறது.

வளாகத்துக்குள் பட்டாசே கூடாது என்று ஒரு மனு சங்கத்தில் இருக்கிறது. அதில் என் கையெழுத்தும் உண்டு. அதை இன்று திரும்பப் பெறுகிறேன். நாமே வெடிக்கமாட்டோம் என்றால் பிறகு யாரை வாங்கச் சொல்வது?

ஆனால் மனுப் போட்டவர்கள் சொல்வதும் நியாயம். மூன்றாம் மாடியில் இருதய ஆபரேஷன் ஆனவர் இருக்கிறார், கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். ஆகவே மூன்று காரியம் செய்வோம். பின்பக்கத் திடலில் மட்டும் வெடிப்போம். அரசு சொன்ன நேரத்தில், காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 வரை மட்டும் வெடிப்போம். வெடித்த வீட்டார் அன்றைக்கே பெருக்குவோம்.

கதவில் தொங்கவிட அட்டை நானே எழுதித் தருகிறேன். தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே அது முதலில் என் வீட்டுக் கதவில் தொங்கட்டும். கரும்புச் சக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.