நன்றியும் நற்பேறும்

(இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நன்றியும் நற்பேறும் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு மன்றத்தார் என்னைப் பணித்துள்ளனர். கேட்பதற்கு இனிய பொருள்தான். ஆயினும் வன்னி மண்ணில் நின்று இதனைப் பேசுவது எளிதன்று. "எங்களுக்கு என்ன பேறு வாய்த்தது? யாருக்கு நாங்கள் நன்றி சொல்வது?" என்று கேட்கக்கூடியவர்கள் இவ்வவையிற் பலர் உளர். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் இம்மண்ணில் நிகழ்ந்தவற்றை அறிந்த எவரும் அக்கேள்வி தவறென்று சொல்லார். ஆகவே, அதனை ஒதுக்கிவிட்டுப் பேச நான் விரும்பவில்லை. சற்றுப் பொறுத்து அதற்கு விடை கூற முயல்வேன்.

முதலில் ஒரு சொல்லைப்பற்றிச் சிந்திப்போம். நற்பேற்றை நாம் 'அதிர்ஷ்டம்' என்கிறோம். சீட்டிழுப்பிற் பணம் விழுந்தால் அதிர்ஷ்டம். அச்சீட்டுக்கே அதிர்ஷ்ட இலாபச் சீட்டு என்று பெயர். இது வடசொல். திருஷ்டம் என்றாற் காணப்பட்டது. அதிருஷ்டம் என்றாற் காணப்படாதது. காரணம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நன்மை வந்து சேர்ந்தால் அதற்கு முன்னோர் இட்ட பெயர் அது. முன்வினைப் பயன் என்று சமயநூலார் கூறும் பொருளும் அதற்கு உண்டு. அது பெரியதோர் ஆராய்ச்சி. இன்று அதற்குள் நான் புகவில்லை. நான் சொல்ல விரும்புவது ஒன்றே. நமது அன்றாட வாழ்வில் அதிர்ஷ்டம் என்று நாம் கருதும் பலவற்றிற்கு உண்மையிற் காரணம் உண்டு. காரணமாய் நின்ற கைகளும் உண்டு. அவற்றை நாம் காண்பதில்லை, அவ்வளவே. காணாதவற்றைக் காண முயல்வதே நன்றியறிதல். ஒரு நாட்பொழுதை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

காலையில் எழுகின்றோம். உடம்பிற் காய்ச்சல் இல்லை. இதை யாராவது ஒரு பேறாக எண்ணியதுண்டா? வன்னி என்றவுடனே காட்டுக் காய்ச்சல் என்று பிறவூரார் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. மலேரியா அன்று இந்நாட்டு மக்களை ஆண்டுதோறும் வாட்டியது. 1934, 1935ஆம் ஆண்டுகளிற் பரவிய கொள்ளைநோய் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. 1946ஆம் ஆண்டளவில் வீடு வீடாக டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கத் தொடங்கினர். 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் நோய் கண்டவர்கள் 17 பேர் மாத்திரமே. வெற்றி கிடைத்துவிட்டது என்று எண்ணிக் காவலைத் தளர்த்தினர். விளைவு யாது? 1969ஆம் ஆண்டில் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் மீண்டும் அந்நோய்க்கு ஆளாயினர். பின்னர் நெடுங்காலம் உழைத்தே அதனை அடக்கவேண்டியதாயிற்று. போர் நடந்த ஆண்டுகளிலும் அப்பணி இப்பகுதிகளில் முற்றாக நின்றுவிடவில்லை. 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. மருந்துத் தாங்கியை முதுகிற் சுமந்து காட்டோரக் குடிசைகள்வரை நடந்தவர்களையும், விரல்நுனியில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துச் சென்றவர்களையும் இன்று யார் நினைக்கின்றோம்? வராத காய்ச்சலுக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

எழுந்து முகங்கழுவித் தேநீர் அருந்துகின்றோம். அக்கொழுந்தைப் பறித்தவள் மலைநாட்டிலே அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவில் நின்றவள். அவளுடைய உறவினர் பலர் நமது அயலிலேயே இருக்கின்றனர். 1977ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறியோர் பலர். காட்டை வெட்டினர், கிணறு தோண்டினர், பிறர் வயலிற் கூலிக்கு நாற்று நட்டுக் களை பிடுங்கினர். வன்னியின் விளைச்சலில் அவர்கள் வியர்வைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால், அவர்களிற் பலருக்கு நெடுங்காலம் காணி உறுதி கிடைக்கவில்லை. வாய்க்காலின் கடைக்கோடியிலே, தண்ணீர் கடைசியாக எட்டும் இடத்திலே அவர்களை இருத்தினோம். நம்மவர் சிலர் அவர்களை விளிக்கும் முறையை இந்த அவையிற் சொல்லவும் நாக் கூசுகின்றது. இளைஞர்களே, நன்றி மறத்தல் என்பது எங்கோ தொலைவில் நடக்கும் பாவமன்று என்பதை இதனால் உணருங்கள்.

பாடசாலைக்கோ வயலுக்கோ கோயிலுக்கோ நடந்து செல்கின்றோம். கால் வைத்த இடத்தில் மண் மண்ணாகவே இருக்கின்றது. போர் முடிந்தபின் இந்நிலத்தில் எத்தனையோ இடங்களில் மிதிவெடி புதைந்திருந்தது. கிளிநொச்சி மாவட்டத்து முகமாலை அவற்றுள் மிகக் கொடிய இடம். அவ்வெடிகளை அகற்றும் தொழிலில் நமது ஊர்ப் பெண்களே பலர் இறங்கினர். போரிற் கணவரை இழந்து, குடும்பப் பாரத்தைத் தனியே சுமந்தவர்களும் அவர்களுள் உளர். தலைக்கவசம் அணிந்து, கொளுத்தும் வெயிலில் முழங்காலிட்டு, சாண் சாணாக நிலத்தைத் தடவித் தடவி முன்னேறுவர். ஒரு நாள் முழுவதும் உழைத்தாலும் சில அடி நிலமே துப்புரவாகும். இன்று அவ்விடத்தில் வீடு கட்டுகிறவனும் மாடு மேய்க்கிறவனும் தான் காலூன்றும் மண்ணை ஒரு பெண் கையாற் தடவிப் பார்த்தாள் என்பதை அறிதல் வேண்டும்.

நண்பகலிற் சோறு உண்ணுகின்றோம். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். வன்னியிலோ வானம் தருவதைத் தேக்கிவைக்கக் குளம் வேண்டும். இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அக்குளத்தின் வேலை 1902ஆம் ஆண்டு தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. பின்னரும் பலமுறை கட்டை உயர்த்தினர். இன்று வடமாகாணத்தின் பெருங்குளம் அதுவே. இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் அதன் கீழ் உண்டு. 1930களிற் கிளிநொச்சியிற் குடியேற்றம் எழுந்ததும் அந்நீரை நம்பியே. அக்கட்டுக்கு மண் வெட்டியவர் யார், சுமந்தவர் யார், காட்டுக் காய்ச்சலால் அங்கேயே மடிந்தவர் யார்? திறப்பு விழாக் கல்லிற் பெரியோர் பெயர் இருக்கும். கூடை சுமந்தவர் பெயர் இராது.

இவ்விடத்திலே திருவிளையாடற் புராணக் கதை ஒன்று நினைவுக்கு வருகின்றது. வைகை கரையுடைத்தபோது வந்தி என்னும் முதியவளின் பங்கை அடைக்க இறைவனே கூலியாளாய் வந்து பிட்டுக்கு மண் சுமந்தான் அன்றோ? பாண்டியன் அக்கூலியாளைப் பிரம்பால் அடித்தான். அடி அரசன் முதுகிலும், அங்கிருந்தோர் எல்லோர் முதுகிலும் பட்டது. இக்கதையைக் கோயிலிற் பக்தியோடு கேட்கின்றோம். கேட்டுவிட்டு வெளியே வந்து மண் சுமப்பவனை இகழ்வோமாயின் நாம் கேட்டது எக்கதை?

நமது முன்னோர் நன்றியை வெறும் வாய்ச்சொல்லாக வைத்திருக்கவில்லை. தைப்பூசத்திலே புதிர் எடுத்து, புது நெல்லின் முதற்சோற்றைப் படைத்த பின்னரே தாம் உண்டனர். பொங்கலுக்கு மறுநாள் பட்டிப் பொங்கல் பொங்கி, உழுத மாட்டுக்கு முதலில் ஊட்டினர். மாரிக்கு முன்னர் வயற் பங்குக்கு ஏற்பக் குளக்கட்டின் திருத்த வேலையைப் பகிர்ந்துகொண்டனர். நீர் பெற்றவன் மண் போடவேண்டும் என்பது அவர்கள் வழக்கு. பெற்றதைப் பேணிக் காப்பதே நன்றியின் செயல் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இனி, தொடக்கத்தில் நான் குறித்த கேள்விக்கு வருகிறேன். இழந்தவர்களிடம் போய், 'உயிரோடு இருக்கிறீர்களே, அதற்காவது நன்றியோடிருங்கள்' என்று சொல்லலாமா? சொல்லலாகாது என்பதே என் விடை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்றலில் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி தாய்மார் கூடியிருந்து, காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கினர். விடை அறியாமலே அவர்களிற் பலர் கண்மூடினர். அத்தாய்மாரிடம் நன்றியைப்பற்றிப் போதிப்பது அறமன்று. அவர்களோடு நின்று கேட்பதே அறம்.

திருக்குறளிலே செய்ந்நன்றியறிதல் 11ஆம் அதிகாரம். அதை அடுத்து 12ஆம் அதிகாரமாக நடுவு நிலைமை வருகின்றது. இவ்வரிசைக்குப் பரிமேலழகர் அரியதொரு காரணம் காட்டுகிறார். ஒருவர் செய்த நன்றியை நினைக்குமிடத்து நடுவு நிலைமை குலையக்கூடும். அங்கும் அது குலையலாகாது என்பதற்காகவே அடுத்து வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. நன்றி நீதியை வாய்மூடச் செய்யுமானால் அது நன்றி அன்று, அடிமைத்தனம்.

இன்னும் ஒன்று. ஒருவன் பொருளைப் பறித்தவன் அதிற் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் அது கடனிற் பாதி தீர்ந்ததேயன்றிக் கொடையன்று. 2017ஆம் ஆண்டு முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, ஏறக்குறைய ஒரு மாதம் வீதியோரத்தில் இருந்து தங்கள் காணிகளை மீளப் பெற்றனர். அவர்கள் காணியை வைத்திருந்தவர்களுக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் அல்லர். ஆயினும், பனியிலும் வெயிலிலும் கூட இருந்த அயலவருக்கும், துணைநின்ற ஏனையோருக்கும் அவர்கள் பட்ட கடன் உண்டு. இந்த வேறுபாட்டை அறிந்தவனே நன்றியறிந்தவன். யாருக்கு, எதற்கு என்று ஆராயாமற் கைகூப்புவது நன்றியாகாது; கசப்பினால் எவருக்குமே கைகூப்ப மறுப்பதும் அறிவாகாது. துன்பம் மிகுந்த நாளிலே ஒரு குவளை தண்ணீர் தந்தவரையும், தமக்கிருந்த கஞ்சியைப் பகிர்ந்தவரையும் நாம் மறந்தால், நமது துன்பத்தோடு நமது பண்பும் பறிபோனதாக முடியும்.

இளைஞர்களே, உங்களுக்கு நான் வைக்கும் விண்ணப்பங்கள் மூன்று.

முதலாவது, பெற்றதைப் பேணுங்கள். 2016ஆம் ஆண்டின் இறுதியில், மலேரியா ஒழிந்ததென்று அறிவித்த சில மாதங்களுள், கிணறுகளிற் பெருகி அந்நோயைப் பரப்பவல்ல புதுவகை நுளம்பு ஒன்று மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே, மலேரியா உள்ள நாட்டுக்குச் சென்று மீண்டவர் காய்ச்சல் கண்டால் இரத்தப் பரிசோதனை செய்யத் தூண்டுங்கள். தேங்கிய நீரை அகற்றுங்கள். வாய்க்காற் துப்புரவுக்கு அழைத்தால் கூலி கேளாமற் செல்லுங்கள். 1969ஆம் ஆண்டு நமக்குப் பாடமாகட்டும்.

இரண்டாவது, முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். உங்கள் ஊர்க் குளத்தைத் திருத்தியவர், பாடசாலைக்கு முதற்கொட்டில் போட்டவர், மருத்துவச்சியாய் நின்று பிள்ளைகளை எடுத்தவர் ஆகியோரின் பெயர்களை அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடுங்கள்.

மூன்றாவது, உங்கள் ஊரிற் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இன்றிப் பல்லாண்டு வாழும் குடும்பங்கள் இருப்பின், படித்த நீங்கள் அவர்களுடைய விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்துக் கச்சேரிவரை உடன் செல்லுங்கள். அவர்களை மரியாதையோடு அழையுங்கள்; மன்றத்தில் உறுப்பினராகச் சேருங்கள்; கோயில் மடையிலும் பந்தியிலும் சமமாக இருத்துங்கள். நமது நன்றி உண்மையானதா, பொய்யானதா என்பதை அளக்கும் உரைகல் இதுவே.

பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்பேன். 'இக்காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி இல்லை' என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். நாம் யாருக்கு நன்றி செலுத்துகிறோம் என்பதை அவர்கள் வீட்டிலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்கு வந்தவருக்குச் சோறு போடும் கோப்பையையும், அவரை அழைக்கும் சொல்லையும் பார்த்தே அவர்கள் கற்கிறார்கள்.

நற்பேறு வானத்திலிருந்து விழும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நேற்று ஒருவர் உழைத்தது இன்று நமக்குப் பேறு. இன்று நாம் உழைப்பது நாளை ஒரு குழந்தைக்குப் பேறு. அக்குழந்தை நம் பெயரை அறியாமற் போகலாம். அதனாற் குறைவொன்றுமில்லை. அதன் காலடியில் மண் மண்ணாகவும், அதன் கலத்திற் சோறு சோறாகவும் இருந்தாற் போதும்.