காற்றின் கணக்கு

தம்பானூர் புகைவண்டி நிலையத்திலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலி செல்வோர், ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகளைக் காண்பர். தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றின் எரிபொருள். அதற்கு விலையில்லை; நிலையுமில்லை. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் முப்படியைப் பொறுத்தது. எனவே வேகம் வினாடிக்கு 8 மீட்டரிலிருந்து 7 ஆகத் தணிந்தால், மின் உற்பத்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். முன்கணிப்பில் நேரும் சிறு பிழை, மின்தொகுப்பில் பெரும் பற்றாக்குறையாகிறது. எதிர்பார்த்ததினும் காற்று மிகுந்தாலோ, அனல் மின் நிலையங்களை விரைந்து தணிக்க இயலாமல் காற்றாலைகளையே நிறுத்த நேரிடுகிறது. நிலக்கரி எரிகிறது, இலவசக் காற்று வீணாகிறது! சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 2015இல் தமிழகத்திற்கான முன்கணிப்புப் பணியைத் தொடங்கியது. 15 நிமிடத்திற்கு ஒரு கணிப்பு, நாளொன்றுக்கு 96. புதிய காற்றாலைகளை நிறுவுவதில் காட்டும் ஆர்வம் இவ்வாராய்ச்சிக்கும் கிடைத்தல் வேண்டும்.