அம்மன் நடந்து வரும் வழி

பிரயாணம் இருவகைப்படும். ஊர் போய்ச் சேர்வதற்காகச் செல்வது ஒன்று. வழியைக் காண்பதற்காகவே செல்வது மற்றொன்று. பிரான்சு தேசத்தின் நாட்டுப்புறச் சாலைகளில் நண்பர்களோடு காரில் சென்று, மரநிழலில் உணவருந்தி, பழைய மாதாகோயில்களைக் கண்டவிடத்தெல்லாம் இறங்கி நின்று செல்வதை மேனாட்டார் பெரிதும் போற்றுவர். அத்தகைய இன்பத்துக்கு நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்து வலியசாலையில் புறப்பட்டுப் பத்மநாபபுரம் வரை சென்றாலே போதும்.

வலியசாலை பழமை வாய்ந்த இடம். இராசராச சோழனின் சாசனங்கள் கூறும் காந்தளூர்ச்சாலை இதுவே என்று கருதும் அறிஞர் பலர். இங்குள்ள மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் எழுந்தருளுகின்றனர். முதல் இரவு குழித்துறையிலும் மறு இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் நகரை அடைவர். சரஸ்வதி கோட்டைக்குள் செல்ல, குமாரசுவாமி ஆரியசாலையிலும் நங்கை செந்திட்டையிலும் தங்குவர். இவ்விரு கோயில்களும் வலியசாலைக்கு அண்மையிலேயே உள்ளன. அம்மன் நடந்து வரும் அவ்வழியை எதிர்த்திசையில் சென்று காண வேண்டுமென்ற ஆசை எங்களுக்கு நெடுநாளாக இருந்தது.

ஓர் ஆவணி மாதத்துக் காலையில் நால்வர் புறப்பட்டோம். எங்களோடு வந்த மாமா எண்பதை நெருங்கியவர். தக்கலைக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். மற்றொருவன் தமக்கையின் மகன், கல்லூரி மாணவன். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு இல்லாளும் உடன் வந்தாள்.

அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து ஒன்றுகூட அறியான். வலியசாலையில் இது புதுமையன்று. இளந்தலைமுறையினர் பலருக்குத் தமிழ் நாவில் இருக்கிறது, கண்ணில் இல்லை. மத்திய அரசில் மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நாம் இதுபற்றிப் பலமுறை வருந்தியதுண்டு. ஆனால் ஒரு நாளேனும் அவனை அருகே அமர்த்தி ஓர் எழுத்தைக் கற்பித்ததில்லை.

கரமனை ஆற்றைக் கடந்தோம். பாலராமபுரம் வந்தது. தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து நெசவாளரான சாலியரை அழைத்துவந்து, பாலராமவர்மா மகாராஜா காலத்தில் குடியமர்த்திய ஊர் அது. நெய்யாற்றின்கரையில் கிருஷ்ணசுவாமியைத் தரிசித்தோம். அதுவரை வழியிலுள்ள பலகைகளையெல்லாம் உரக்கப் படித்து வந்த பிள்ளை, களியக்காவிளை தாண்டியதும் மௌனமானான். பலகைகளில் எழுத்து மாறிவிட்டது. ஆனால் தேநீர்க்கடையில் பேச்சு மாறவில்லை. கடைக்காரர் ஒருவரிடம் தமிழிலும் அடுத்தவரிடம் மலையாளத்திலும் பேசிக்கொண்டே தேநீர் ஆற்றினார்.

அப்பொழுது மாமா கூறினார்: "1956 நவம்பர் முதல் தேதி இந்தப் பக்கமெல்லாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகா. அன்றுவரை நான் மலையாளப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அப்பா தமிழ்ப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரிச்சுவடி படித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் போனதும் வெட்கம் போயிற்று, எழுத்து நின்றது."

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. குழித்துறை ஊர்ப்பலகை வந்ததும் மாமா காரை நிறுத்தச் சொன்னார். "இதில் உனக்குத் தெரிந்த எழுத்து ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அவன் சற்று நேரம் உற்றுப் பார்த்து, "ழ மாதிரி ஒன்று இருக்கிறது, தாத்தா" என்றான். ழகரம் இரு லிபிகளிலும் ஏறத்தாழ ஒரே சாயலுடையது. அந்த ஓர் எழுத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு மற்றவற்றை மாமா சொல்லிக் கொடுத்தார். மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் இடையில் கடைப்பெயர்களே பாடப்புத்தகமாயின. மருந்துக்கடைப் பலகையை அவன் தவறாகப் படிக்க, அனைவரும் நகைத்தோம், அவனும் நகைத்தான்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அதைப் பேணுவது கேரள அரசு. கண்ணாடிபோல் பளபளக்கும் அதன் கருந்தரையையும் நவராத்திரி மண்டபத்தையும் கண்டபின், புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குச் சென்றோம். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்ற டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர் அவருக்கே தளபதியாகி, 1777இல் மறைந்து, இங்கே அடக்கமானார். இன்று பிரான்சில் உள்ள அராஸ் நகரம் அவர் பிறந்த ஊர் என்பர். அவர் கல்லறைக் கல்லில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பழைய எழுத்து எங்களுக்கே எளிதில் பிடிபடவில்லை. பிள்ளையோ குனிந்து, தனக்குத் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாய் விரலால் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ வந்த அயல்நாட்டார் ஒருவரின் கல்லறையில் நின்ற தமிழ், நம் வீட்டுப் பிள்ளையின் கையில் நிற்கவில்லையே என்ற வெட்கம் நமக்கு அப்பொழுதுதான் உறைத்தது. குறை பிள்ளையினுடையதன்று, நம்முடையது.

ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த வழி அது. விரைந்து சென்றிருந்தால் இரண்டு மணி நேரத்தில் சென்றடைந்திருப்போம். ஓர் எழுத்தும் கண்ணில் பட்டிராது. நின்று நின்று சென்றதனால் ஒரு பகல் முழுதும் ஆயிற்று.

அவ்வாண்டு விஜயதசமியன்று வலியசாலை வீட்டில் தாம்பாளத்தில் அரிசி பரப்பி வைத்தோம். கல்லூரிப் பிள்ளை குழந்தைகளோடு அமர்ந்து, அரிசியில் தன் பெயரைத் தமிழில் எழுதினான். மாமா அருகிலிருந்து பார்த்து, ஒரு புள்ளி விட்டுப் போனதைத் தம் விரலால் வைத்தார்.

வீட்டில் தமிழ் பேசி, எழுத்தறியாத பிள்ளைகள் உள்ள நேயர்கள், வரும் விடுமுறையில் இவ்வழியே ஒருமுறை சென்று வருவார்களாக. குழித்துறையில் மட்டும் சற்று நின்று செல்க.