ஒரு படம், அதை நீக்கியவர்கள், எடுத்தவர்கள்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான்கு ஆண்டுகளாக ஆஸ்லோவில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் உலக அரசியலும் ஊடகமும் எப்படித் தெரிகின்றன என்று பேசச் சொன்னீர்கள். அது பெரிய தலைப்பு. ஒரே ஒரு புகைப்படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த படம்தான். 1972 ஜூன் 8, வியட்நாமின் டிராங் பாங் கிராமம். நேபாம் குண்டில் உடை எரிந்து, தோல் வெந்து, கதறிக்கொண்டு சாலையில் ஓடிவரும் ஒன்பது வயதுக் குழந்தை கிம் ஃபுக். குண்டு போட்டது தென் வியட்நாம் விமானப்படை. அந்தப் படைக்குப் பின்னால் இருந்தது அமெரிக்கா.

2016இல் நார்வே எழுத்தாளர் டாம் எகெலாண்ட், போரின் வரலாற்றை மாற்றிய படங்கள் என்று சிலவற்றைப் ஃபேஸ்புக்கில் போட்டார். அதில் இதுவும் ஒன்று. குழந்தையின் நிர்வாணம் என்று சொல்லி ஃபேஸ்புக் படத்தை நீக்கியது, அவரது கணக்கையும் முடக்கியது. ஆஃப்டன்போஸ்டன் நாளேடு செப்டம்பர் 9 அன்று மார்க் ஸக்கர்பெர்குக்கு முதல் பக்கத்திலேயே பகிரங்கக் கடிதம் எழுதியது. பிரதமர் எர்னா சோல்பெர்க் அதே படத்தைப் பதிவிட்டார். அதையும் ஃபேஸ்புக் தூக்கிவிட்டது! அன்று மாலைக்குள் உலகமெங்கும் செய்தியானது, நிறுவனம் இறங்கி வந்தது, படம் திரும்பியது.

இந்தக் கதையை அங்கே பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் விதி வளைய ஒரு நாட்டின் பிரதமரே தேவைப்பட்டார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்னொன்றும் உண்டு. நார்வேயின் எண்ணெய்ப் பணத்தை முதலீடு செய்யும் அரசு நிதியம் அதே ஃபேஸ்புக்கின் பங்குதாரர். சண்டை போட்ட நாட்டுக்கே லாபத்தில் பங்கு.

அதே ஆண்டு ஜூலை 11ஐ நினைத்துப் பாருங்கள். குஜராத்தின் ஊனா. செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அதைப் படம்பிடித்துப் பரப்பியவர்களும் அடித்தவர்களே. "உங்களுக்கும் இதுதான்" என்று மிரட்டுவதற்கான படம் அது. அதை நம் மக்கள் கையில் எடுத்து, ஊனாவை நோக்கி நடந்து, செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று உறுதியெடுத்தார்கள். படத்தின் பொருளை மாற்றியது மக்கள், எந்த நிறுவனத்தின் விதியும் இல்லை. அந்த விதிகள் நமக்கு எப்படி வேலை செய்கின்றன என்பதையும் பார்த்துவிட்டோம். சாதி வெறுப்புப் பதிவுகள் புகார் கொடுத்த பிறகும் ஃபேஸ்புக்கில் அப்படியே இருந்ததை ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பு 2019இல் ஆவணப்படுத்தியது.

சரி, அந்தக் குழந்தை என்ன சொன்னார்? 2016இல் அவர் தரப்பு, படத்தின் செய்தியை விட்டுவிட்டு நிர்வாணத்தைப் பார்ப்பவர்களை நினைத்து வருந்துவதாகவும் படத்தை முழுமையாக ஆதரிப்பதாகவும் சொன்னது. ஆனால் வளரும் காலத்தில் அந்தப் படத்தை வெறுத்ததாக 2022இல் அவரே எழுதினார். வியட்நாம் அரசு அவரைப் பிரச்சாரச் சின்னமாக வைத்துக்கொண்டது, படிப்பு தடைபட்டது. கடைசியில் 1992இல் கனடாவில் அடைக்கலம் கேட்டார். இரண்டும் ஒருவரின் சொற்கள்தான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்கு வசதி, அவருக்கு நியாயமில்லை.

கதை அதோடு முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் படம் ஏபி நிறுவனத்தின் நிக் உட் பெயரில் இருந்தது. 1973இல் புலிட்சர் பரிசும் பெற்றது. 2025 ஜனவரியில் 'தி ஸ்ட்ரிங்கர்' என்ற ஆவணப்படம் வெளியானது. படத்தை எடுத்தவர் நுயென் தான் நே என்ற வியட்நாமியர் என்கிறது அது. அவர் என்பிசி தொலைக்காட்சிக் குழுவுக்கு ஓட்டுநராக அங்கே போனவர். இருபது டாலரும் ஒரு பிரதியும் கொடுத்து அனுப்பினார்கள் என்பது அவர் தரப்பு. நிக் உட் இதை மறுக்கிறார். பெயரை மாற்றப் போதிய சான்றில்லை என்கிறது ஏபி. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு 2025 மே மாதம், எடுத்தவர் யார் என்ற குறிப்பையே நிறுத்திவைத்தது.

யார் எடுத்தார் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நிக் உட்டும் வியட்நாமியர்தான், போரில் அண்ணனைப் பறிகொடுத்தவர்தான். வெள்ளைக்காரர் ஒருவர் திருடினார் என்ற எளிய கதை இங்கே செல்லாது. எனக்குக் கவலை அந்த ஏற்பாட்டைப் பற்றி. துண்டுப் படத்துக்குத் துண்டுக் காசு. படச்சுருளைக் கொடுத்த கணமே அது அலுவலகத்தின் சொத்து. பின்னாளில் தன் உழைப்பை நிரூபிக்க அந்த மனிதர் கையில் ஒரு தாளும் இருக்காது. நம்மூர் தாலுகா நிருபர்களைக் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பழக்கமான ஏற்பாடு என்று சொல்வார்கள். சேரிக்குள் முதலில் ஓடுகிறவர் யார், காவல் நிலையத்தில் அடி வாங்குகிறவர் யார், மறுநாள் படத்துக்குக் கீழே யார் பெயர் வருகிறது?

நம் இயக்கப் பக்கங்களும் விதிவிலக்கு இல்லை. போராட்டப் படங்களுக்குக் கீழே 'நன்றி: இணையம்' என்று போடுகிறோம். இணையம் எந்த ஊரில் இருக்கிறது? அடுத்த மாதம் ஆவணக் காப்பகத்துக்காகப் படங்களைத் திரட்டப் போவதாகச் சொன்னீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் பெயர், ஊர், தேதி, படத்தில் இருப்பவரிடம் கேட்டோமா என்ற நான்கையும் எழுத இடம் விட்டுப் படிவம் போடுங்கள். முதல் மூன்றும் ஓரளவு கிடைத்துவிடும். நான்காவதுக்கு நேரில்தான் போக வேண்டியிருக்கும்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.